சோறு என்று சொல்லக் கூடாதா?

கேள்வி: நான் தஞ்சாவூர்ப் பக்கம், கணவருக்குக் கோவில்பட்டி. இப்போது சென்னையில் இருக்கிறோம். மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். மதியம் டப்பாவைத் திறந்தபோது "எங்க ஆச்சி சோறு கட்டிக் குடுத்தாங்க" என்று சொல்லியிருக்கிறாள். "சோறுன்னு சொல்லக் கூடாது, சாதம்னு சொல்லணும்" என்று ஆசிரியை திருத்திவிட்டார். அன்று ராத்திரி மாமியார் "சோறு திங்க வாத்தா" என்று கூப்பிட, "அது பேட் வேர்டு ஆச்சி" என்றாள் குழந்தை. அதிலிருந்து மாமியார் அவளைச் சாப்பிடக் கூப்பிடுவதே இல்லை. சோறு என்பது உண்மையில் கொச்சைச் சொல்லா? அது எங்கிருந்து வந்தது? சாதம் தமிழா? பள்ளியில் நான் என்ன சொல்வது? 'ரைஸ்' என்பதே நம் 'அரிசி'யிலிருந்து போனதுதான் என்கிறார் கணவர். அதுவும் உண்மையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மாமியாரிடம் போய்ச் சொல்லுங்கள்: சோறு கெட்ட வார்த்தை இல்லை. கொச்சையும் இல்லை. சொற்களுக்குப் பொருள் எழுதுவதே என் தொழில். சோற்றைக் கொச்சை என்று குறித்த அகராதி ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அது எழுத்திலும் பேச்சிலும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தொடர்ந்து புழங்கி வரும் சொல். அந்த அம்மாள் பேத்தியைக் கூப்பிட்ட சொல்லால்தான் புலவர்கள் அரசர்களின் விருந்தையும் சொன்னார்கள்.

புறநானூற்றின் இரண்டாம் பாட்டில், சேரன் உதியஞ்சேரலாதனை முரஞ்சியூர் முடிநாகனார் 'பெருஞ்சோற்று மிகுபதம் வரையாது கொடுத்தோய்' என்று புகழ்கிறார். அளவு பாராமல் பெருஞ்சோறு போட்டவன் என்பதுதான் அந்த அரசனுக்குக் கிடைத்த பெருமை. அதனாலேயே அவனுக்குப் 'பெருஞ்சோற்று உதியன்' என்று பெயர் நிலைத்தது. அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய 235ஆம் பாட்டில், கொஞ்சம் சோறு இருந்தாலும் பல கலங்களில் பகிர்ந்தான், நிறையச் சோறு இருந்தாலும் பல கலங்களில் பகிர்ந்தான் என்று அழுகிறார். அங்கே அவர் சொல்வது 'சிறுசோறு', 'பெருஞ்சோறு'. மதுரைக்காஞ்சியில் இறைச்சி சேர்த்துச் சமைத்தது 'ஊன்சோறு'. இன்றைக்கு அதைப் பிரியாணி என்போம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் பட்டினப்பாலையில் வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் அறத்துக்காகச் சமைக்கும் பெரிய மடைப்பள்ளி. அங்கே சோறு வடித்த கொழுங்கஞ்சி ஆறு போலத் தெருவில் ஓடுகிறது. 'சோறு வாக்கிய கொழுங்கஞ்சி யாறு போலப் பரந்தொழுகி' என்பது பாட்டு. வாக்கிய என்றால் வடித்த. அந்தக் கஞ்சி ஓடிய இடத்தில் காளைகள் சண்டையிட்டுச் சேறாகிறது. அதன்மேல் தேர்கள் ஓடிப் புழுதி கிளம்புகிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு மாநகரத்தின் வளத்தைக் காட்ட நினைத்தபோது அவர் கண்ணில் பட்டது வடிகஞ்சி. பானையைச் சாய்த்துக் கஞ்சி வடித்த கைக்குத்தான் அந்தக் காட்சி முழுதாகப் புரியும். மாமியாரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள். உரை தேவைப்படாது.

அரசன் வீட்டில் மட்டும் இந்தச் சொல் இருந்ததென்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாணாற்றுப்படையில் உழவர் வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். 'பழஞ்சோற்று அமலை முனைஇ' என்கிறார் அதே புலவர். பழைய சோற்று உருண்டை அலுத்துப்போய், புதுவைக்கோல் வேய்ந்த குடிசை வாசலில் அவல் இடிக்கிறார்களாம். பழையதைப் பார்த்து முகம் சுளிக்கும் பிள்ளைகள் அன்றும் இருந்திருக்கிறார்கள். அரசன் போட்டதும் சோறு, அந்தப் பிள்ளைகள் வெறுத்ததும் சோறு. ஏழைக்கு ஒரு சொல், பணக்காரருக்கு ஒரு சொல் என்ற பாகுபாடு இந்தச் சொல்லில் அப்போது இல்லை.

குறுந்தொகை 210இல் காகத்துக்கு வைப்பதும் சோறுதான். விருந்து வரும் என்று கரைந்து, தலைவியின் வருத்தத்தை ஆற்றிய காகம் அது. தொண்டியில் விளைந்த வெண்ணெல்லைச் சுடச்சுடச் சமைத்து, நெய் ஊற்றி, ஏழு கலத்தில் வைத்தாலும் அதற்குப் போதாது என்கிறாள் தோழி. 'வெண்ணெல் வெஞ்சோறு' என்பது நச்செள்ளையார் வாக்கு. இந்தப் பாட்டுக்காகவே அவரைக் காக்கைபாடினியார் என்று அழைத்தார்கள்.

பக்தி இலக்கியத்துக்கு வந்தால் இந்தச் சொல் இன்னும் மேலே ஏறுகிறது. பாலபிஷேகத்துக்கு வைத்திருந்த பால்குடத்தை உதைத்த தந்தையின் காலை வெட்டினார் சிவனடியாரான சண்டீசர். அந்தப் பாதகமே அவருக்கு முத்தியைக் கொடுத்தது என்று மாணிக்கவாசகர் திருத்தோணோக்கத்தில் பாடுகிறார்: 'பாதகமே சோறு பற்றினவா'. அங்கே சோறு என்றால் வீடுபேறு. பிறவி தீர்ந்து அடையும் இடத்துக்கே 'சோறு' என்று பெயர் வைத்த மொழி இது. அந்தச் சொல்லை ஓர் ஆறு வயதுக் குழந்தை 'பேட் வேர்டு' என்று கற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள் என்று படித்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை.

பிறப்பைக் கேட்டீர்கள். சோறு தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொல். கேரளத்தில் இன்றைக்கும் எல்லா வீட்டிலும் சோறுதான். யாரும் யாரையும் திருத்துவதில்லை. இலங்கைத் தமிழரும் இயல்பாகச் 'சோறும் கறியும்' என்பார்கள். நிகண்டுகள் என்னும் பழைய செய்யுள் அகராதிகளில் 'சொல்' என்பதற்கு நெல் என்றும் ஒரு பொருள் உண்டு. 'சொன்றி' என்று சோற்றுக்கு ஒரு பழைய பெயரும் உண்டு. மூன்றையும் ஒரே வேரில் வைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க இனிமையான விளக்கம்தான். ஆனால் நான் அதன்மேல் வீடு கட்ட மாட்டேன். பழைய நூல்களில் இந்தச் சொல் எப்படி வாழ்ந்தது என்பதே போதுமான சான்று.

இதில் நாம் மறந்துபோன செய்தி ஒன்று உண்டு. சோறு என்பது அரிசிச் சோறு மட்டும் இல்லை. வேகவைத்துக் குழையும் எந்தத் தானியமும் சோறு. பெரும்பாணாற்றுப்படையில் வருவது வரகுச் சோறு: 'குறுந்தாள் வரகின் குறளவிழ்ச் சொன்றி'. உங்கள் மாமியார் கரிசல் மண்காரர். கம்பஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலிச்சோறு எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். கம்பின்மேல் தண்ணீர் தெளித்து உரலில் இட்டுக் குத்தி, உமியைப் புடைத்து, மறுபடி இடித்து, கொதிக்கிற உலையில் போட்டுத் துடுப்பால் கிண்டி இறக்க வேண்டும். ராத்திரி அதை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கலாம். அந்த ஊர்களில் அரிசிச் சோற்றுக்குத் தனியாக 'நெல்லுச்சோறு' என்று பெயர் சொல்ல வேண்டியிருந்தது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் நெல்லுச்சோறு கண்ட வீடுகள் ஏராளம். தஞ்சாவூர்க்காரரான உங்களுக்கு 'சோழ வளநாடு சோறுடைத்து' என்ற வரி பெருமை. உங்கள் மாமியார் வாயில் நெல்லுச்சோறு என்று வந்தால் அதற்குள் ஒரு பண்டிகையே இருக்கும். ஒரு நாள் அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

கற்றாழை மடலைக் கீறினால் உள்ளே வழுவழுப்பாக இருக்குமே, அதற்கும் சோறு என்றுதான் பெயர். சோற்றுக் கற்றாழை என்பது அதனால் வந்தது. வலது கைக்குச் 'சோத்துக்கை' என்று பெயர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும்போது, இரண்டாவது சோறு ஒற்றைப் பருக்கையைக் குறிக்கிறது. கட்டுச்சோறு, கூட்டாஞ்சோறு, நிலாச்சோறு, செஞ்சோற்றுக் கடன் ஆகியவற்றில் சோற்றை எடுத்துவிட்டுச் சாதத்தை வைத்துப் பாருங்கள். கூட்டாஞ்சாதம் என்றால் திருநெல்வேலியில் யாருக்காவது வாய் ஊறுமா?

சாதத்துக்கு வருவோம். அதன்மேலும் எனக்குக் கோபம் கிடையாது. கோயிலில் படைத்துத் தரும் பிரசாதம் என்ற வடசொல்லின் பின்பகுதிதான் சாதம் என்பது பெரும்பாலோர் கொள்ளும் முடிவு. பிரசாதம் என்றால் அருள், தெளிவு. இறைவன் அருளாகக் கிடைத்த உணவுக்கும் அது பெயராயிற்று. எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் போன்ற கலந்த சாதங்களுக்கு இந்தப் பெயர் இவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவை கோயில் மடைப்பள்ளிகளிலும் இருந்தவை. அன்னமும் வடசொல். உண்ணுதல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. தயிர்ச் சாதத்துக்குச் சொல்லும் தத்தியோதனத்தில் இருக்கும் ஓதனமும் வடசொல்லே. அமிர்தத்தோடு உறவுள்ள அமுது சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் படையலுக்குத் 'திருவமுது' என்று வருகிறது. வைணவ இல்லங்களில் ரசம் சாத்தமுது, பாயசம் திருக்கண்ணமுது. இத்தனையும் இன்று தமிழில் புழங்கும் சொற்கள். எதையும் வெளியே தள்ள வேண்டியதில்லை.

பிறகு சோறு எப்படிக் கீழே போயிற்று? சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பிராமண இல்லங்களில் சாதம் என்றும் மற்றப் பெரும்பாலான வீடுகளில் சோறு என்றும் வழங்கியது. படிப்பிலும் உத்தியோகத்திலும் நகரத்திலும் முந்திப்போனவர்களின் பேச்சு, உயர்ந்த பேச்சு என்று பெயர் எடுத்தது. ஓட்டல்களிலும் அதுவே நிலைத்தது. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்தவர்கள் தங்கள் ஊர் அடையாளத்தை மறைக்க முதலில் மாற்றிக்கொண்ட சொற்களில் சோறும் ஒன்று. சொல்லின் மதிப்பு, அதைச் சொன்னவரின் மதிப்பை ஒட்டியே ஏறி இறங்கியது. சோற்றுக்கு ஏற்பட்ட இழுக்கு மனிதர்கள்மேல் சுமத்தப்பட்ட இழுக்கின் ஒரு துண்டு. அதனால்தான் உங்கள் மாமியாருக்கு அவ்வளவு வலித்தது. திருத்தப்பட்டது ஒரு சொல் மட்டும் இல்லை என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

தண்டச்சோறு போன்ற வசைகளும் கொஞ்சம் கெடுத்தன. 'தின்' என்ற வினையும் சேர்ந்துகொண்டது. பழைய தமிழில் தின்பது குறைவான செயல் இல்லை. இன்று சில ஊர்களில் அது மாட்டுக்குச் சொல்லும் சொல்லாகக் காதில் விழுகிறது. உங்கள் மாமியாரின் மண்ணில் 'சோறு திங்க வாத்தா' என்பது கொஞ்சல். கொங்குப் பக்கம் போனால் வீட்டுக்கு வந்த பெரியவரிடம் 'சோறுண்டாச்சுங்களா?' என்று மரியாதையோடு கேட்பார்கள். அதைக் கேட்டு யாரும் குறைவாக நினைப்பதில்லை.

சொற்களின் நிலை மாறுவது சோற்றுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 'அமிழ்தினும் ஆற்ற இனிதேதம் மக்கள் சிறுகை அளாவிய கூழ்' என்கிறார் வள்ளுவர். அவர் சொன்ன கூழ் உணவு. 'படைகுடி கூழ்அமைச்சு' என்னும்போது நாட்டின் வளத்தையே அது குறிக்கிறது. இன்று கூழ் என்றால் கேழ்வரகுக் கூழ், ஆடி மாதத்து அம்மன் கோயில் கூழ். சமைத்த உணவைக் குறித்த 'அடிசில்' என்ற சொல் பேச்சிலிருந்து போயேவிட்டது. சமைத்தல் என்ற பொருளில் அது பிறந்த 'அடு' என்ற வினையும் போய்விட்டது. ஆனால் அந்த வினை அடுப்பிலும் அடுக்களையிலும் ஒளிந்திருக்கிறது. எழுத்துக்கும் அலுவலகத்துக்கும் உணவு என்ற சொல் உரியதாகிவிட்டது. 1982இல் வந்த திட்டத்துக்குச் 'சத்துணவு' என்றுதான் பெயர் வைத்தார்கள். உண் என்பதிலிருந்து வந்த நல்ல சொல் அது. ஆனால் எந்தத் தாயும் "உணவு உண்ண வா" என்று பிள்ளையைக் கூப்பிடுவதில்லை.

பள்ளியில் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். சண்டைக்குப் போகாதீர்கள். அந்த ஆசிரியைக்கும் சிறு வயதில் யாரோ இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நல்லது சொல்லித் தருவதாகவே அவர் நினைத்திருப்பார். தனியாகப் பார்த்து, குழந்தை வீட்டில் என்ன சொன்னாள், பாட்டி எப்படி ஆனார் என்பதை நடந்தபடியே சொல்லுங்கள். அதுவே பாதி வேலையைச் செய்யும். பிறகு ஒன்றை மட்டும் கேளுங்கள்: "சாதம் என்றும் சொல்லலாம் என்று கற்றுக்கொடுங்கள், சோறு என்று சொல்லக் கூடாது என்று மட்டும் சொல்லாதீர்கள்." ஆசிரியை தன் வாயால் வகுப்பில் ஒரு தடவை "சோறும் நல்ல சொல்தான்" என்று சொல்லிவிட்டால், நீங்கள் வீட்டில் பத்துத் தடவை சொல்வதைவிட அது குழந்தையின் மனதில் நிற்கும்.

ஆசிரியை ஒருவேளை 'சோத்துக்கு', 'சோத்துல' என்ற உச்சரிப்பை நினைத்துக் கொச்சை என்றிருக்கலாம். அது வேறு விஷயம். எழுதும்போது சோற்றுக்கு, சோற்றில். பேசும்போது சோத்துக்கு, சோத்துல. வயிறு வயிற்றில் ஆகி, பேச்சில் வயித்துல ஆவதும், ஆறு ஆற்றுக்கு ஆகி, பேச்சில் ஆத்துக்கு ஆவதும் இதே கணக்குதான். வயிறு கொச்சை என்று யாரும் சொல்வதில்லையே. குழந்தைக்கு இதை ஒரு விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள். நீங்கள் 'கயிறு' என்றால் அவள் 'கயிற்றில்' என்று சொல்ல வேண்டும், 'சோறு' என்றால் 'சோற்றில்'. வல்லின றகரம் இரட்டிப்பது ஒன்றாம் வகுப்பிலேயே நாக்கில் ஏறிவிடும். பிற்பாடு இலக்கண வகுப்பில் அதன் பெயர் வரும்போது அவளுக்குப் பயம் இருக்காது.

வீட்டில் நீங்கள் எதைச் சொல்வீர்களோ அதையே சொல்லுங்கள். குழந்தைக்காக வலிந்து மாற்ற வேண்டாம். ஆச்சியிடம் சோறு, தோழி வீட்டில் சாதம், கட்டுரையில் உணவு என்று மூன்றையும் அவள் இடமறிந்து எடுப்பாள். பிள்ளைகளுக்கு இது பெரியவர்களைவிடச் சுலபம். இனி அவளிடம் 'சோறு கெட்ட வார்த்தை இல்லை' என்று திரும்பத் திரும்ப விளக்கிக்கொண்டிருக்கவும் வேண்டாம். அவள் முன்னால் நீங்களே மாமியாரிடம் போய், "அத்தை, பசிக்குது, சோறு போடுங்க" என்று கேட்டு உட்காருங்கள். ஒரு வாரம் அப்படிக் கேட்டால் போதும்.

கணவரின் கேள்விக்கு: ஆங்கில 'ரைஸ்' கிரேக்கத்தின் 'ஒரூசா' (oryza) என்ற சொல்லிலிருந்து லத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு வழியாக வந்த சொல். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு மூலம் 'அரிசி' என்று திராவிட மொழிகளை ஒப்பிட்டு ஆராய்ந்த கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் எழுதினார். நம்மில் பலருக்கு அது அப்படியே பதிந்துவிட்டது. பிற்கால அறிஞர்கள் பலர் அது ஈரானிய மொழிகள் வழியாகப் போனது என்றும், வடமொழி 'விரீஹி'யோடு உறவுடையது என்றும் கருதுகிறார்கள். ஆகவே பந்தயம் கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். பந்தயம் கட்டியே தீருவேன் என்றால் கஞ்சியின்மேல் கட்டட்டும். நம் கஞ்சி போர்ச்சுகீசியர் வாயில் 'கான்ஜா' ஆகி, ஆங்கிலத்தில் 'காஞ்ஜி' ஆயிற்று. சீனர்களின் அரிசிக் கஞ்சியைக்கூட இன்று உலகம் அந்தப் பெயரில்தான் ஆங்கிலத்தில் அழைக்கிறது. போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் உடம்புக்கு முடியாதவர்களுக்கு அரிசி போட்டுக் காய்ச்சிக் கொடுக்கும் கோழிச் சாற்றுக்கு இன்றும் 'கான்ஜா' என்றுதான் பெயர்.